கழற்ற முடியாத சட்டை

கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியதுமே அக்கா குனிந்தபடி நின்றுவிட்டாள். வெட்டு மேசைக்கு அடியில் காலர்கள் குவிந்து கிடந்தன. சட்டைகள் இல்லை, காலர்கள் மட்டும். பட்டன் வைத்து, தேய்த்து, கட்டுக்கட்டாக அடுக்கிவைத்திருந்த பள்ளிச் சீருடைச் சட்டைகள் எல்லாம் கழுத்து போய் அலமாரியிலேயே உட்கார்ந்திருந்தன. தம்பி மேசையோரம் நின்று, ஒவ்வொரு காலராக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓரத்தைக் கத்தரியால் பிளந்து, உள்ளே விறைப்புக்காக வைக்கும் கேன்வாஸை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"என்னடா தம்பி பண்ணிட்டே?"

"உள்ள வெச்சுத் தைச்சிருக்காங்கக்கா. துணிக்கும் கேன்வாஸுக்கும் நடுவுல."

"என்னத்த வெச்சு?"

"கேக்கறதை. நாம பேசறதெல்லாம் கழுத்து வழியாத்தான் போகுது."

"இதையெல்லாம் தைச்சது நான்தானேடா."

அவன் கொஞ்சம் யோசித்தான். அக்காவைக் குற்றம் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. "உனக்குத் தெரியாம வெச்சிருக்காங்க. உனக்குத்தான் சூதுவாது தெரியாதே" என்றான்.

அந்தத் தெருவில் அவனை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா மட்டும் தம்பி. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு திரை. அவன் வெட்டுவான், அவள் தைப்பாள். ஆள் உள்ளே வந்து நின்றதுமே தோளைப் பார்த்து மனதுக்குள் வெட்டி முடித்துவிடுவான். அதற்கு மேல் டேப்பை எடுத்து அளப்பதெல்லாம் வாடிக்கையாளருக்குக் காட்டும் மரியாதை. மாதம் தவறாமல் ஆஸ்பத்திரியில் மனநோய்க்கான ஊசியை இடுப்பில் போட்டுக்கொண்டால் அவனுக்கு ஒரு குறையும் கிடையாது. போட்டுக்கொண்டு வந்து, "இந்த நர்ஸம்மாவுக்குக் கை லேசு" என்று சொல்லிவிட்டு வேலைக்கு உட்கார்ந்துவிடுவான்.

போன முறை நர்ஸம்மா இருந்தார், ஊசி இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. "மேல எழுதியிருக்கு" என்றார்கள். மேலே இருப்பவர்கள் அதைப் படித்தார்களா, மடித்துக் காது குடைந்தார்களா என்று தெரியவில்லை. அக்கா போய்ப் போய்க் கேட்டு, ஆஸ்பத்திரி வாசல் காவலாளியே, "ஸ்டாக் இல்லம்மா" என்று தூரத்திலிருந்தே கையாட்டுகிற அளவுக்குப் பழக்கமாகிவிட்டது. ஊசிக்குப் பதில் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரைக்குள்ளும் யாரோ எதையோ வைத்திருந்ததால் அது சாக்கடைக்குப் போயிற்று.

இப்போது அவன் தூங்கிச் சில நாளாகிறது. சாப்பாடும் கிடையாது. டீ மட்டும் குடித்தான், அதுவும் அக்கா முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டினால்.

அந்த நேரம் பார்த்து அவள் வீட்டுக்காரர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் ஓர் அலுவலகத்தில் மேற்பார்வையாளர். மேற்பார்வை பார்ப்பது அவருக்கு வேலை மட்டுமல்ல, சுபாவம். மச்சானின் நோயைப் பற்றி அவரிடம் வருஷக்கணக்காக ஒரு கருத்து இருந்தது: காலையில் நடைப்பயிற்சி போனால் சரியாகிவிடும்.

"என்ன மாஸ்டர், காலங்காத்தால? மனசை நாமதான் கட்டுப்பாட்டுல வெச்சுக்கணும். என்னைப் பாரு..."

தம்பி பார்த்தான். அவரையல்ல, அவர் காலரை. கஞ்சி போட்டு விறைப்பாக நின்ற காலர்.

"மாமா, அசையாதீங்க. உங்ககிட்டயும் வெச்சிருக்காங்க."

மாமா அசைந்தார். அதுதான் வினை. கத்தரி ஒரு தடவை வாய் திறந்து மூடியது. காலர் பாதி அறுந்து மார்பில் தொங்க, வாழ்க்கையில் முதல் முறையாக மாமா ஓடினார். தெருமுனை வரை, செருப்பில்லாமல். அவர் சிபாரிசு செய்த நடைப்பயிற்சி அன்றைக்கு அவருக்கே வாய்த்தது.

கழுத்தில் கீறல்கூட இல்லை. ஆனால் அக்காவின் கண் கத்தரியை விட்டு நகரவில்லை. கத்தரி முழங்கை நீளம். கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறதென்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஒரு விரல் நுழையும், அவ்வளவுதான். அடுத்த தடவை அந்த விரல் அளவுக்குக் கை தப்பினால் என்னாகும்? ஒரு கழுத்து போகும். அதற்கப்புறம் தம்பியும் அவளுக்கு இல்லை. இன்றைக்கு எப்படியாவது அவனை ஆஸ்பத்திரிப் படுக்கையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். இனி ஒரு ராத்திரி அவனை இந்த மேசைக்குப் பக்கத்தில் விடக் கூடாது.

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள்.

"கூட்டிட்டு வாங்க."

"வர மாட்டேங்கறான்ங்க."

"வந்தாத்தானேம்மா பார்க்க முடியும்."

அடுத்து ஆம்புலன்ஸ்.

"பேஷண்டுக்கு மூச்சு இருக்கா?"

"இருக்குங்க."

"ரத்தம் வருதா?"

"இல்லைங்க."

"அப்ப நல்லாத்தானேம்மா இருக்காரு."

மூன்றாவதாக, மனநலத்துக்கென்றே இருக்கிற உதவி எண். அங்கே முதலில் புல்லாங்குழல் வாசித்தார்கள். இந்த அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது என்று ஒரு குரல் சொன்னது. முக்கியமான அழைப்பை வெகுநேரம் காக்க வைத்துவிட்டு ஓர் ஆள் வந்தார். நல்ல குரல், அக்கறையான குரல்.

"அவர் தன்னையோ மத்தவங்களையோ தாக்கக்கூடிய நிலையில இருக்காராம்மா?"

"தாக்கலைங்க. என் வீட்டுக்காரர் காலரை வெட்டிட்டான்."

"எதால?"

"கத்தரியால."

"பெரிய கத்தரியா?"

"துணி வெட்டற கத்தரிங்க."

"அப்ப ஆயுதம் இருக்குன்னு சொல்லுங்க."

"ஆயுதம் இல்லைங்க. அது அவன் தொழில்."

எதிர்முனை பெருமூச்சு விட்டது. "அம்மா, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். தொழில்னு போட்டா வண்டி வராது. ஆயுதம்னு போட்டா உடனே வரும். என்ன போடட்டும்?"

அக்கா திரையை விலக்கிப் பார்த்தாள். தம்பி தன் சட்டையின் காலரையே வெட்டி எடுத்து, அதற்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆயுதம்னே போட்டுக்கோங்க" என்றாள்.

சொன்னபடி வண்டி வந்தது. அந்த அளவுக்கு அந்த நல்ல குரல் பொய் சொல்லவில்லை. ஆனால் வந்தது வெள்ளை வண்டி இல்லை. இரண்டு போலீஸ் வேன்கள் தெருவின் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு நின்றன. தலைக்கவசம் போட்டவர்கள், கேடயம் பிடித்தவர்கள், நீள லத்தி வைத்தவர்கள் எல்லாம் இறங்கி, பாதி மூடிய ஒரு தையல் கடையை முற்றுகை போட்டார்கள். புழுங்கித் தள்ளும் நாள். வானம் மூடிக்கொண்டு, மழையும் பெய்யாமல் காற்றும் விடாமல் இருந்தது. தெருவே வெளியே வந்து நின்று போனைத் தூக்கிப் பிடித்தது. எதிர் டீக்கடைக்காரர் இன்னொரு பாத்திரம் பாலை அடுப்பில் ஏற்றினார்.

கடைசியாக இறங்கியவர் இன்ஸ்பெக்டர். உயரமான மனிதர், இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நின்றது. இறங்கியதும் வண்டிக் கண்ணாடியில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஒலிபெருக்கிக்காகக் கையை நீட்டினார்.

"நீங்கதான் போன் பண்ணினதா?"

"ஆமா சார். ஆம்புலன்ஸ் வரலைங்களா?"

"மொதல்ல சம்பவ இடம் எங்க கட்டுப்பாட்டுக்கு வரணும். அப்புறம்தான் மத்தது. பயப்படாதீங்க. மனநல நெருக்கடியை எப்படிக் கையாளணும்னு நான் தனியாப் பயிற்சி எடுத்திருக்கேன்."

"எத்தனை நாள் சார்?" என்று கேட்டார் மாமா. அவர் இப்போது ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, பாதிக்கப்பட்டவர் என்ற புதுப் பதவியில் இருந்தார்.

"எத்தனை நாள்ங்கறது முக்கியமில்ல. என்ன கத்துக்கிட்டோம்ங்கறதுதான் முக்கியம்" என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்குப் பின்னால் நின்ற வயதான போலீஸ்காரர் ஒருவர், தொந்திக்குக் கீழே பெல்ட்டை இறக்கிவிட்டபடி, "ஒரு மத்தியானம். சாப்பாடு போட்டாங்க" என்று மாமாவின் காதில் சொன்னார்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"உள்ளே இருக்கும் நபர் கவனிக்கவும்! உங்கள் உணர்வுகளை நாங்கள் புரிந்துகொள்கிறோம்!"

உள்ளே கத்தரிச் சத்தம் நின்றது. "என்ன புரிஞ்சுது?" என்று ஒரு குரல் வந்தது.

பயிற்சியில் இந்தக் கேள்வி வரவில்லை போலிருக்கிறது. இன்ஸ்பெக்டர் கொஞ்சம் தடுமாறி, "நீங்கள் தனியாக இல்லை! நாங்கள் உங்களைச் சுற்றி இருக்கிறோம்!" என்றார்.

"அது தெரியுது. அதான் வெளிய வரலை."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. ஷட்டருக்கு அடியில் தம்பியின் முகம் தெரிந்தது. கண்கள் சிவந்து, தாடி முளைத்து, கழுத்தில் டேப் தொங்க, காலர் இல்லாத சட்டை. அவன் இன்ஸ்பெக்டரைக் கீழிருந்து மேலாக அளந்தான்.

"சார், அந்தப் பேண்ட்டை யாரு வெட்டினது? இடுப்புல இழுக்குது பாருங்க. இடது தோளும் இறங்கியிருக்கு. யாரோ அவசரத்துல பண்ணின வேலை."

இந்த முறை லத்தி வைத்திருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டரின் கை தன்னை அறியாமல் இடது தோளுக்குப் போய்த் திரும்பியது. முகம் கறுத்துவிட்டது.

அக்கா ஓடிவந்தாள். "சார், ஒண்ணு சொன்னாக் கேப்பீங்களா? அவனுக்கு உங்க மேல கோவமெல்லாம் இல்ல. காலரைக் கண்டாத்தான் பயம். காலருக்குள்ள எதையோ வெச்சிருக்காங்கன்னு நெனைக்கறான். காலர் இல்லாம யாராவது போய்ப் பேசினா வந்துடுவான். நான் பாருங்க, காலையிலேருந்து பக்கத்துலயேதான் இருக்கேன், என்னை ஒண்ணும் பண்ணலை."

"அதனால?"

"அந்தச் சட்டையை மட்டும் கழட்டிட்டு..."

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்த பார்வையில், அவள் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி இருந்தது.

"சட்டையைக் கழட்டறதா? நானா? நடுத்தெருவுலயா? இது யாரோட சட்டை தெரியுமாம்மா? அரசாங்கத்தோட சட்டை! இதைக் கழட்டினா நான் யாரு?"

"மனுஷன்தானே சார்" என்றாள் அக்கா. நக்கலாகச் சொல்லவில்லை, நிஜமாகத்தான் சொன்னாள். அதனால்தான் அவருக்கு இன்னும் சுருக்கென்று தைத்தது.

"ஒரு பைத்தியத்துக்காக டிபார்ட்மென்ட் உடுப்பைக் கழட்டணுமா? நாளைக்கு இன்னொருத்தன் பேண்ட்டைக் கழட்டச் சொல்லுவான், கழட்டிடலாமா?"

"நான் கழட்டறேன் சார்" என்றார் தொந்திக்காரர்.

"என்னது?"

"சட்டையை. உள்ள பனியன் போட்டிருக்கேன். வேர்க்குது வேற."

இன்ஸ்பெக்டர் பதில் தேடுவதற்குள் அவர் பட்டனைக் கழற்றி, சட்டையை மடித்து, மாமாவின் கையில் கொடுத்துவிட்டார். மாமா இரண்டு கையாலும் பயபக்தியோடு வாங்கிக்கொண்டார். டீக்கடையில் இரண்டு கிளாஸ் டீ வாங்கிக்கொண்டு, தொந்தி இடிக்காமல் குனிந்து, ஷட்டருக்கு அடியில் நுழைந்தார் கிழவர். அக்காவும் கூடவே போனாள்.

உள்ளே துணி வாசனையும் எண்ணெய் வாசனையுமாகப் புழுங்கியது. தம்பி மேசைக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிக் கத்தரியைத் தூக்கிப் பிடித்தான்.

"யாரு நீங்க?"

"போலீஸ்தான் மாஸ்டர். பொய் சொல்ல மாட்டேன். உக்காரலாமா? மூட்டு வலி."

பனியனைத் தம்பி உற்றுப் பார்த்தான். கழுத்தில் ஒன்றும் இல்லை, தொளதொளவென்று ஒரு வளையம்தான். கத்தரி கொஞ்சம் தாழ்ந்தது.

"பனியன் கிழிஞ்சிருக்கு."

"வீட்டுல சொல்லிச் சொல்லி அலுத்துட்டாங்க. இந்தாங்க, டீ."

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் ஒரு வாய் குடித்துக் காட்டினாள். கிழவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் கிளாஸையும் அவளிடம் நீட்டினார். "என்னுதையும் பாருங்கம்மா. அந்தாளு பாலுல தண்ணி கலக்கறான்."

தம்பி சிரித்தான். எத்தனையோ நாளைக்கப்புறம்.

"உங்களுக்கு ரெடிமேட் சட்டை சரிப்படாதே?" என்றான் தம்பி.

"எங்க சரிப்படுது. வயித்துக்கு எடுத்தா தோளு தொங்குது. தோளுக்கு எடுத்தா வயிறு வெளிய வருது."

"எந்திரிங்க."

கிழவர் எழுந்து நின்றார். தம்பி கத்தரியை மேசைமேல் வைத்துவிட்டு, கழுத்திலிருந்த டேப்பை உருவி, அவரைச் சுற்றி வந்து அளக்க ஆரம்பித்தான். மார்பு, வயிறு, தோள், மறுபடி வயிறு. நம்ப முடியாமல் வயிற்றை மட்டும் திரும்ப ஒருமுறை. கத்தரி மேசைமேல் அதுபாட்டுக்குக் கிடந்தது. கை நீட்டினால் எடுத்துவிடலாம். கிழவர் எடுக்கவில்லை. எடுத்தால் இந்த ஆள் தன்னைத் திரும்ப நம்ப மாட்டான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முப்பது வருஷம் குடிகாரர்களையும் சண்டைக்காரர்களையும் வீட்டில் கொண்டுபோய் விட்டவர் அவர்.

"மாஸ்டர், தூங்கி எவ்வளவு நாளாச்சு?"

"தூங்கினாக் கேப்பாங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போவோமா? ஊசி போட்டா நல்லாத் தூங்கலாமே. அக்கா சொன்னாங்க."

"ஸ்டாக் வந்துடுச்சா?"

"வந்திருக்கும்" என்றார் கிழவர்.

தம்பி அவரை விட்டுவிட்டு அக்காவைக் கேட்டான். "வந்துடுச்சாக்கா?"

வந்துவிட்டது என்று சொன்னால் உடனே கிளம்பிவிடுவான். ஆனால் அவனிடம் அவள் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. அவன் உலகத்தில் எல்லாரும் எதையோ ஒளித்து வைத்திருந்தார்கள், அவளைத் தவிர.

"தெரியலடா. போய்க் கேட்போம். இல்லேன்னா அங்கேயே உக்காந்துடுவோம்."

தம்பி டேப்பைச் சுருட்டினான். சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சரி, வா" என்றான். செருப்பைத் தேடி ஒரு காலில் மாட்டினான்.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. இன்னொரு செருப்பும் நாலு எட்டும்.

வெளியே இன்ஸ்பெக்டருக்குப் பொறுக்கவில்லை. பனியன் போட்ட ஒரு கீழ்நிலை ஆசாமி உள்ளே டீ குடித்துக்கொண்டிருக்கிறான், பயிற்சி எடுத்தவர் வெளியே புழுக்கத்தில் நிற்கிறார், தெருவே படம் பிடிக்கிறது. ஒலிபெருக்கி உறுமியது.

"கடைசி எச்சரிக்கை! ஆயுதத்தை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நேரில் ஒப்படைக்க வேண்டும்! ஆயுதத்தை ஒப்படைக்காமல் யாரும் வெளியே வரக் கூடாது!"

தம்பி நின்றான். மேசையைத் திரும்பிப் பார்த்தான்.

"கத்தரியைக் கேக்கறாங்களே."

"அது கெடக்கட்டும் மாஸ்டர், நீங்க வாங்க" என்றார் கிழவர்.

"சார்! அது மேசைமேலதான் இருக்கு சார்! கையில இல்ல!" என்று அக்கா கத்தினாள். ஒலிபெருக்கி வைத்திருப்பவருக்கு மற்றவர் குரல் கேட்பதில்லை. அவர் இரண்டாம் முறையும் அதையே சொன்னார், இன்னும் சத்தமாக. தம்பி காதைப் பொத்திக்கொண்டான். அந்தச் சத்தம் நின்றால் போதுமென்றிருந்தது அவனுக்கு, அக்காவுக்கும்தான்.

"கொடுத்துடுடா தம்பி" என்றாள் அவள். "அவர் கையில கொடுத்துட்டு வந்துடு."

அவன் கத்தரியை எடுத்தான். தையல் கடையில் கத்தரியை இன்னொருவருக்குக் கொடுப்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. வாயை மூடி, வெட்டும் பக்கத்தை நம் கைக்குள் பொத்திக்கொண்டு, கைப்பிடியை வாங்குகிறவர் பக்கம் நீட்ட வேண்டும். வெட்டுப்பட்டால் கொடுக்கிறவனுக்குத்தான் பட வேண்டும். அவனும் அப்படியே பிடித்தான். வெளியே வந்து, கையை நேராக நீட்டி, வாங்குகிறவர் எட்டி எடுக்கச் சிரமப்படக் கூடாதே என்று இரண்டு எட்டு முன்னால் வைத்தான். கண்ணை மட்டும் இன்ஸ்பெக்டரின் கழுத்துப் பக்கம் போக விடாமல் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

இன்ஸ்பெக்டரும் முன்னால் வந்தார். எல்லாப் போனும் தெரிகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, தானே நேரில் பெற்றுக்கொள்ள. ஒரு கணம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் யாரோ, "வர்றான், வர்றான்!" என்று கத்தினார்கள். இன்ஸ்பெக்டர் இரண்டடி பின்னால் குதித்தார். தொப்பி விழுந்தது. இரண்டு பக்கமிருந்தும் லத்திகள் இறங்கின.

முதல் அடி மணிக்கட்டில். காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம் அக்காவுக்குத் தெளிவாகக் கேட்டது. கத்தரி விழுந்த பிறகும் அடி விழுந்தது. கீழே கிடந்தவன் மேல் கேடயத்தை வைத்து அழுத்தினார்கள். தொந்திக்காரர் பனியனோடு நடுவில் பாய்ந்து, "போதும்டா, டேய், போதும்டா! கொடுக்கத்தான்டா வந்தான்!" என்று கத்தியதில் அவருக்கும் முதுகில் ஒன்று விழுந்தது. உடுப்பு இல்லாததால் தன் ஆளென்று தெரியவில்லையாம்.

தம்பியின் உள்ளங்கையில் கத்தரி அறுத்து ரத்தம் கொட்டியது. ரத்தம் வந்துவிட்டதல்லவா, ஆம்புலன்ஸும் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் நல்ல மனிதர். உள்ளங்கையைத் தைத்து, மணிக்கட்டைச் சரிசெய்து, மாவுக்கட்டுப் போட்டார். "என்ன வேலை பார்க்கறார்?" என்று கேட்டு, அக்கா சொன்னதும் கட்டை மறுபடி ஒருமுறை சரிபார்த்தார். வலிக்குப் போட்ட ஊசியில் தம்பி கண்ணைச் செருகிக்கொண்டு கிடந்தான். ஆஸ்பத்திரி நீலத்தில் ஒரு சட்டை மாட்டியிருந்தார்கள். நல்ல வேளையாக அதற்குக் காலர் இல்லை.

மனநல வார்டிலிருந்து ஒரு சின்ன டாக்டர் வந்தார். கட்டில் ஓரமாக நின்று பார்த்தார்.

"அமைதியாத்தானே இருக்கார்?"

"வலி ஊசி போட்டிருக்காங்க டாக்டர். அதுல மயங்கிக் கெடக்கறான். காலையிலேருந்து..."

"அட்மிஷன் எமர்ஜென்சிக்குத்தான்மா. இப்ப எமர்ஜென்சி இல்லையே. கட்டில் ஒண்ணுகூட காலி இல்ல."

"மாசாந்திர ஊசியாவது போட்டு விடுங்க."

"ஸ்டாக் இல்லம்மா" என்றார். சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது. போய்விட்டார்.

அவர் போன வழியில் இன்ஸ்பெக்டர் வந்தார். தொப்பி புழுதி தட்டப்பட்டு மறுபடி தலையில் இருந்தது. பின்னால் தொந்திக்காரர், இப்போது உடுப்போடு. இன்ஸ்பெக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார். ஒலிபெருக்கி இல்லாமலும் அவரால் பேச முடிந்தது.

"பாரும்மா. நடந்தது நடந்துபோச்சு. உன் தம்பிக்குக் கட்டில் வேணும், வைத்தியம் வேணும். அதானே?"

"ஆமா சார்."

"அதுக்கு ஒரே வழிதான் இருக்கு. கத்தரியால என்னைக் குத்த வந்தான்னு நீ சொல்லணும். கூடப் பொறந்தவளே சொன்னாக் கேஸ் நிக்கும். கோர்ட்டுக்குப் போனா அவங்களே மனநல வார்டுக்கு அனுப்புவாங்க. அப்ப இவங்க கட்டில் இல்லேன்னு சொல்ல முடியாது. ஊசியும் வரவழைச்சுப் போடுவாங்க. சொல்லலேன்னா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அக்கா கட்டிலைப் பார்த்தாள். கேஸ் போட்டால் கட்டில் கிடைக்கும் என்று அவர் சொன்னதில் பொய்யே இல்லை என்பதுதான் கொடுமை. ஒரு வார்த்தை போதும். கட்டில் வரும், ஊசி வரும், அவன் தூங்குவான். காலையிலிருந்து இதற்குத்தானே நாயாக அலைகிறாள். தம்பியின் உதடு தூக்கத்தில் எதையோ சொல்லி நின்றது. நாளைக்குத் தெளிந்து எழுந்தால் முதலில் அவளிடம்தான் கேட்பான், என்ன நடந்ததுக்கா என்று.

"காலையில போன்லயும் ஒருத்தர் என் நல்லதுக்குத்தான் சொன்னார் சார். அவர் சொன்னதைச் சொன்னேன். நீங்க வந்தீங்க."

"இப்ப என்ன சொல்றே?"

"கைப்பிடியைத்தான் நீட்டினான். கொடுக்கத்தான் வந்தான். கொடுன்னு சொன்னது நான். கொண்டு வான்னு கூப்பிட்டது நீங்க."

"கைப்பிடிதான் சார் முன்னால இருந்துது" என்றார் தொந்திக்காரர், சுவரைப் பார்த்தபடி.

"உன்னை யாருய்யா கேட்டா? மொதல்ல பட்டனைப் போடு!"

கிழவர் பார்த்தார். நடுப்பட்டன் ஒன்று அறுந்து போயிருந்தது. போட முடியாது. சட்டையைக் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். தெருவில் எடுத்த படங்கள் அதற்குள் ஊர் முழுக்கச் சுற்றத் தொடங்கிவிட்டன. அதில் தொப்பி விழுவதுதான் எல்லோருக்கும் பிடித்திருந்தது. "அப்ப உன் இஷ்டம். அப்புறம் என்கிட்ட வந்து அழாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். கத்தரி மட்டும் விசாரணைக்காக அவர்களிடமே இருந்தது.

சாயங்காலம் ஆவதற்குள் அனுப்பிவிட்டார்கள். எலும்புக்கு இனி படுக்கை தேவையில்லை, மனசுக்குப் படுக்கை இல்லை. ஒரு பொட்டலம் வலி மாத்திரை கொடுத்தார்கள். தம்பிக்கு மயக்கம் தெளியத் தெளியக் கண்ணில் அந்தப் பழைய கூர்மை திரும்பிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வருவதற்குள் ஒரு நர்ஸின் கழுத்தையும் இரண்டு பார்வையாளர்களின் கழுத்தையும் பார்த்துவிட்டான். நல்ல கையால் அக்காவின் புடவையைப் பிடித்துக்கொண்டான்.

வாசலில் வாடகை வண்டிகள் வந்து நின்றன. முதல் வண்டிக்காரர் காக்கிச் சட்டை, காலர். தம்பி பின்வாங்கினான். "வேண்டாங்க" என்றாள் அக்கா. அடுத்தவர் கோடு போட்ட சட்டை, காலர். அதற்கடுத்தவர் காலரை வேறு தூக்கி விட்டிருந்தார்.

"என்னடி இது, மாப்பிள்ளை பார்க்கற மாதிரி ஒவ்வொருத்தனாத் தள்ளிக்கிட்டிருக்கே" என்றார் மாமா. அவர் இன்னும் துண்டோடுதான் இருந்தார். பிறகு குரல் உடைந்து, "அந்த ஆள் சொன்னதுக்குச் சரின்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?" என்றார்.

சரி என்று சொல்லியிருக்கலாமோ என்று அவளே அரித்துக்கொண்டுதான் இருந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் இருட்டும். வீட்டில் மாமாவின் சட்டைகள் காலரோடு இருக்கின்றன. சமையலறையில் கத்தி இருக்கிறது.

இன்னொரு வண்டி நின்றது. வெற்றிலைக்கறைப் பல்லோடு ஒருவர் எட்டிப் பார்த்தார். காலர்.

அக்காவுக்கு அலுத்துவிட்டது. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அந்தச் சட்டையைக் கொஞ்சம் கழட்டிட்டு வண்டி ஓட்ட முடியுமா? என் தம்பிக்குக் காலரைப் பார்த்தா பயம்."

அவர் அவளைப் பார்த்தார், மாவுக்கட்டைப் பார்த்தார், துண்டு போர்த்திய மாமாவைப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?" என்று சட்டையைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் திணித்தார். "ஏறுங்க. இந்தப் புழுக்கத்துல யாரு போட்டிருப்பா."

தம்பி ஏறி உட்கார்ந்தான். மாமா முன்னால் இடம் பிடித்தார். அக்கா ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"எங்கம்மா போகணும்?"

அவள் தன் புடவையைப் பற்றியிருந்த தம்பியின் கையைப் பார்த்தாள். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். இன்றைக்கு அந்த ஒரு இடத்துக்கு மட்டும் திரும்பிப் போய்விடக் கூடாது என்றுதான் காலையிலிருந்து எல்லாக் கதவையும் தட்டியிருந்தாள்.

"வீட்டுக்கு" என்றாள்.